எலும்பு கூடினால் மட்டும் போதுமா?

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர். சாரத்தில் நின்று செங்கல் அடுக்கும் என் தந்தையைப் போன்ற கொத்தனாருக்கோ காலும் பிரதானமே. வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டிச் செம்பாக்கத்தில் வாழும் எங்களுக்கு விபத்துச் செய்தி புதிதன்று. கால் முறிந்தவரைப் பார்த்து, "பிளேட் வைத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை" என்கிறார்கள். ஆனால் அறுவைக்குப் பின்னரும் கிருமி என்னும் பகைவன் காத்திருக்கிறான். அவனைப் பற்றிச் சிறிது காண்போம்.

தோலே நம் உடலின் கோட்டைச் சுவர். எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால் கோட்டை வாயில் திறந்துவிடுகிறது. முற்காலத்தில் இத்தகைய காயத்துக்குக் காலை வெட்டுவதே பெரும்பாலும் வழியாக இருந்தது. 1865-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். சீழ் பிடிக்காமல் ஆறு வாரங்களில் எலும்பு கூடியது.

உள்ளே வைக்கும் பிளேட்டும் ஆணியும் இன்னொரு சிக்கலைத் தருகின்றன. எங்கள் ஏரிக்கரைக் கல்லில் வழுவழுப்பான படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே ஸ்டெஃபிலோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் அமைத்துக்கொள்கின்றன. அதற்குள் இருக்கும் கிருமிகளை மருந்தாலும் வெள்ளை அணுக்களாலும் எளிதில் அழிக்க இயலாது. எனவே வந்தபின் விரட்டுவதைவிட வருமுன் காப்பதே எளிது.

அது எவ்வாறு? திறந்த முறிவானால் ஆன்டிபயாடிக் ஊசியைக் கூடிய விரைவில், இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள், போட வேண்டும். தேவைக்கேற்ப டெட்டனஸ் தடுப்பூசியும் வேண்டும். பிறகு இறந்த தசையை அகற்றிக் காயத்தைக் கழுவுவர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. அதில் சோப்பு நீரைவிடச் சாதாரண உப்பு நீரால் கழுவியதே நல்ல பலன் தந்தது! கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் இராஜசேகரன் குழுவினர், காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்கும் மதிப்பெண் முறையை 2006-இல் வெளியிட்டனர். அதில் 14 வரை வந்தால் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் ஆபத்து. சாக்கடை அழுக்குக் கலந்தால் 2, காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 2 என்று மதிப்பெண் ஏறும். ஆகவே திறந்த காயத்தின் மேல் எண்ணெயும் பச்சிலையும் வைத்துக் கட்டிக் காலம் கடத்துதல் பெருந்தீங்கு.

வீடு திரும்பியபின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகைப்பதை நிறுத்த வேண்டும். குறைய வேண்டிய வலி கூடினாலோ, சிவந்து சூடு கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ உடனே அறுவை செய்த மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாதங்கள் கழித்தும் சீழ் வரக்கூடும். மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்கினால் சோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம்.

கிருமி தொற்றிவிட்டால், மருத்துவர் காயத்தைத் திறந்து, திசு எடுத்துச் சோதித்து, அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்தைப் பல வாரங்கள் தருவார். எலும்பு கூடியிருந்தால் பிளேட்டை எடுத்துவிடலாம். கூடாவிட்டால், உறுதியாக நிற்கும் பிளேட்டை விட்டுவைப்பதோ மாற்றுவதோ அவர் முடிவு.

விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கியது. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். ஆயினும் மருத்துவமனை தரும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். எந்த மருந்து எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்று அச்சீட்டைப் படித்து, நம் வீட்டாருக்கும் தெருவாருக்கும் தமிழில் எடுத்துச் சொல்வோமாக!