ஆவடிக்கு அண்ணாமலை நகரிலிருந்து வழி

கேள்வி: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியல் படிக்கும் என் மகளுக்குப் பாதுகாப்புத் துறையில் சேர ஆசை. இந்த ஊரில் படித்துவிட்டு அங்கே போக முடியுமா?
– ஒரு தாய், அண்ணாமலை நகர்

பதில்: முடியும் அம்மா. அவர் துறையிலேயே உள்ள உலோக இணைப்பு ஆய்வு மையம், டாங்கிகளின் கவச எஃகை வெல்டிங் செய்வது பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. கவச எஃகு சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கப்படுவது. வெல்டிங் சூடு பட்டதும் இணைப்பை ஒட்டிய பகுதி மென்மையாகிவிடும். ஹைட்ரஜன் புகுந்தால் வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசல் விடும். குண்டு பாய்ந்தால் முதலில் தோற்பது அந்த இடம்தான். வண்டிக்குள் இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட படிப்பு இது.

இந்தப் படிப்புக்கு வேலை இருக்கும் இடம் ஆவடி. இந்திய ராணுவத்தின் அர்ஜுன் டாங்கி அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகிறது. 2021 அக்டோபர் 1 முதல், அதையும் சேர்த்துப் படைக்கலத் தொழிற்சாலைகள் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஆள் எடுக்கிறது. பல இடங்கள் ஒப்பந்தப் பணி. நுட்பம் கைவர ஆண்டுகள் பிடிக்கும் தொழிலில் இது தவறான கொள்கை என்பேன். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவில் விஞ்ஞானி பணிக்கு, பொறியியல் தகுதித் தேர்வான கேட் மதிப்பெண்ணும் நேர்முகமும் தேவை.

தனியார் வேலைக்கும் வாய்ப்புண்டு: 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் உங்கள் மாவட்டமான கடலூர் இல்லை, ஆனால் திருச்சி இருக்கிறது.

மகளை மூன்றாம் ஆண்டிலேயே கேட் தேர்வுக்குத் தயாராகச் சொல்லுங்கள். இறுதியாண்டுப் புராஜெக்டை அந்த ஆய்வு மையத்தில் செய்யக் கேட்கட்டும்.