தபாலில் அனுப்ப முடியாத வைத்தியம்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. அதற்குள் புனானையில் உள்ள மட்டக்களப்பு கெம்பஸ் கட்டடம் தனிமைப்படுத்தல் நிலையமாகியிருந்தது. பின்னர் காத்தான்குடி ஆதார வைத்தியசாலையும் கொவிட் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. கிளினிக்குகள் நின்றபோது, தபால் திணைக்களம் மருந்துகளை வீட்டுவாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. பிரஷர், சீனி வருத்தக்காரருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சலப்பைக்குள் கிடக்கும் குழாயைத் தபாலில் மாற்ற முடியாது. சிறுநீர்த்தொகுதி சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேரும் இளம் வைத்தியரும் தாதியரும் அடுத்த தொற்றுக்காலம் வருமுன்பே தயார்செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலில், ஒரு நாளும் தள்ளிப்போட முடியாதவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கல் அடைத்த சிறுநீரகத்தோடு காய்ச்சல், சலம் முற்றாக அடைபட்ட நிலை, விதை முறுக்கு. மூன்றாவதுக்கு உங்களிடம் இருப்பது ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். பொடியன் வயிற்றுவலி என்றுதான் வருவான், வெட்கத்தில் இடத்தைச் சொல்ல மாட்டான். கேளுங்கள், பாருங்கள். பிசிஆர் முடிவுக்காக இவர்களைக் காக்கவைக்க வேண்டாம். தொற்று இருக்கிறது என்றே எண்ணிப் பாதுகாப்பு அங்கி அணிந்து வேலையைத் தொடங்குங்கள்.

மற்றவற்றைத் தரம் பிரிக்க, ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் 2020இல் தந்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கும். ஆறு மாதம் தாமதித்தாலும் பாதிப்பு வர வாய்ப்பு மிகக் குறைந்தவர் கடைசி, மூன்று நான்கு மாதம் பொறுக்கக்கூடியவர் நடு, ஆறு வாரத்துக்கு மேல் போனால் கெடக்கூடியவர் முதல். வலியில்லாமல் சலத்தில் இரத்தம் போகிறவரைக் கடைசி வரிசையில் போட்டுவிடாதீர்கள். வலி இல்லாததால் அவரே அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். தசைவரை பரவிய சலப்பைப் புற்றுநோயில், கண்டறிந்த பின் சத்திரசிகிச்சை 12 வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் உயிர் பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது.

ஒத்திவைக்கும் ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் 'இந்தத் திகதியைத் தாண்டக்கூடாது' என்று ஒரு நாளை எழுதுங்கள். "நிலைமை சரியானதும் வாங்க" என்பது திகதி ஆகாது.

இனி மட்டக்களப்பு வாவியை நினையுங்கள். படுவான்கரையில் இருக்கும் முதியவர் கதீற்றர் மாற்ற வேண்டுமென்றால், மண்டூரில் பாதைப் படகு ஏறி குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து களுவாஞ்சிக்குடிக்கோ மட்டக்களப்புக்கோ போக வேண்டும். 2014இல் திறந்த மண்முனைப் பாலம் சிலருக்கு வழியைச் சுருக்கியது. ஊரடங்கில் பஸ் ஓடாவிட்டால் பாலம் இருந்தும் என்ன செய்வது? சாதாரண லேட்டக்ஸ் கதீற்றரை நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். சிலிக்கோன் கதீற்றர் 12 வாரம்வரை தாங்கும். விலை கூடியதுதான். ஆனாலும் வாவியைக் கடந்து வருபவருக்கென்று சிலிக்கோனை ஒதுக்கிவைத்தால் மூன்று பயணம் ஒன்றாகிவிடும். களஞ்சியத்தில் கோரிக்கை வைக்கும்போது இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். கூடவே, ஊருக்கு அருகில் உள்ள பிரதேச வைத்தியசாலைத் தாதியருக்கு மாற்றும் முறையைப் பழக்கிவையுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஸ்டென்ட். கதீற்றர் வெளியே தொங்குவதால் அது தன்னை மறக்க விடாது. சிறுநீரகத்துக்கும் சலப்பைக்கும் இடையில் உள்ளே கிடக்கும் டிஜே ஸ்டென்ட் அப்படியல்ல. வலி குறைந்ததும் ஆள் வயலுக்கோ மீன்பிடிக்கோ போய்விடுவார். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 வீதத்தில் உப்புப் படிந்திருந்தது. 6 முதல் 12 வாரத்தில் அது 47.5 வீதம், அதற்கு மேல் 76.3 வீதம். படிந்து இறுகிவிட்டால், கிளினிக்கில் சில நிமிடத்தில் எடுக்கக்கூடியது பெரிய சத்திரசிகிச்சையாகிவிடும். சில வேளை சிறுநீரகமே போய்விடும்.

ஆகவே போட்ட அன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: பெயர், எந்தப் பக்கம், போட்ட நாள், எடுக்க வேண்டிய நாள், இரண்டு தொலைபேசி இலக்கங்கள். இரண்டாவது இலக்கம் மகளுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கட்டும். சிக்கலில்லாமல் கல் எடுத்தவருக்கு நூல் கட்டிய ஸ்டென்ட் பொருத்தமா என்று நிபுணரிடம் கேளுங்கள். அதை வெளியே எடுக்கத் தியேட்டர் தேவையில்லை.

உங்களைத் தொற்று வாட்டுக்கு மாற்றினால், போகும் முன் அந்தப் பதிவேட்டைக் கையோடு கையாக ஒருவரிடம் ஒப்படையுங்கள். 2020 அக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைத் தொற்று வாழைச்சேனைவரை வந்தபோது நடந்ததுபோல, எச்சரிக்கைக்குச் சில நாட்களே கிடைக்கும். தொற்று ஓய்ந்தாலும் பதிவேட்டை மூடிவைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. யாரை முதலில் அழைப்பது என்ற அதே கேள்வி அன்றும் வந்தது. வாரத்தில் ஒரு காலை, கிளினிக் தொடங்கு முன், 'எடுக்க வேண்டிய நாள்' பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். நாள் கடந்தவரை அப்போதே அழையுங்கள். அழைப்பு எடுபடாவிட்டால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லி ஆளைத் தேடச் செய்யுங்கள்.