மலையடிவாரத்திலிருந்து ஒரு டர்பைன் கார்

முதலில் ஒரு விளக்கம். எங்கள் ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிறாரே, தென்திருப்பதி என்பார்களே, அந்தத் திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் அந்த அடிவாரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் என் அப்பாவும் ஒருவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே எதைப் படித்தாலும் வீட்டில் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டபோது மற்றவர்கள் ஜாக்கி, பெடல் பம்பு என்று எழுதினார்கள். நான் 'மாற்று எரிபொருளில் ஓடும் டர்பைன் சூப்பர் கார்' என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "படம் வரைஞ்சா மார்க் கிடையாது, கணக்கோட வா" என்றார். வீட்டில் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "என்ன மைலேஜ்டா குடுக்கும்?" இந்த இருவருக்கும் பதில் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டர்பைன் என்றதும் பயப்பட வேண்டாம். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குத் தரைச்சக்கரம் தெரியாதா? நெருப்பு ஒரு பக்கம் பீறிட, சக்கரம் மறுபக்கம் சுற்றுகிறது. வேகமாக வெளியேறும் சூடான வாயு ஒன்றைச் சுழற்ற முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ராஜபாளையத்தில் ஏதாவது லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கழற்றிப் போட்ட டர்போசார்ஜரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே ஷாஃப்ட்டில் ஒரு முனையில் டர்பைன், மறுமுனையில் கம்ப்ரசர். நடுவில் ஒரு எரிப்பறையை வைத்துவிட்டால் அதுவே குட்டி கேஸ் டர்பைன். பிஸ்டன் எஞ்சினில் உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றுதல் நான்கும் ஒரே சிலிண்டருக்குள் முறைவைத்து நடக்கும். டர்பைனில் நான்குக்கும் தனித்தனி இடம். நான்கும் ஒரே நேரத்தில் இடைவிடாமல் நடக்கும்.

இதைக் காரில் வைக்க முடியுமா என்று கேட்டால், வைத்துப் பார்த்தாயிற்று. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி 1950-லேயே ஜெட்-1 என்ற காரை ஓட்டிக் காட்டியது. அமெரிக்காவின் கிரைஸ்லர் இன்னும் துணிந்தது. 1963 முதல் 1966 வரை 50 டர்பைன் கார்களை 203 சாதாரணக் குடும்பங்களிடம் மாற்றி மாற்றிக் கொடுத்து ஓட்டச் சொன்னது. 130 குதிரைத் திறன். ஐடிலிங்கிலேயே நிமிஷத்துக்குச் சுமார் 20,000 சுற்று. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் ஏற்றுக்கொண்டது. மெக்சிகோ ஜனாதிபதி அதில் டெக்கீலா என்ற அந்நாட்டுச் சாராயத்தையே ஊற்றி ஓட்டிப் பார்த்தாராம்! ஆகாதது ஒன்றுதான்: அந்தக் காலத்து ஈயம் கலந்த பெட்ரோல். அதன் படிவு உள்ளே ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றைக் கம்பெனியே உடைத்துப் போட்டது. படிக்கும்போது வயிறு எரிந்தது.

நமக்கு நெருக்கமான கதை அடுத்தது. டாடா மோட்டார்ஸ் 2008-ல் ஜாகுவார் கம்பெனியை வாங்கியது. 2010-ல் பாரிஸ் கண்காட்சியில் ஜாகுவார் வைத்த கனவுக் காரின் பெயர் சி-எக்ஸ்75. பிளேடன் ஜெட்ஸ் என்ற நிறுவனத்தின் இரண்டு குட்டி டர்பைன்கள்; ஒவ்வொன்றும் 70 கிலோவாட், எடை 35 கிலோ, சுற்று 80,000. நம் ஊர் டாடா அந்த பிளேடன் ஜெட்ஸிலும் பங்கு வாங்கியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, டர்பைன் சக்கரத்தைச் சுற்றவில்லை. ஜெனரேட்டரைச் சுற்றியது. சக்கரத்துக்கு ஒன்று வீதம் 145 கிலோவாட்டில் நான்கு மின் மோட்டார்கள். ஏன் இந்தச் சுற்றுவழி? என் கணக்கில் இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெளிக்காற்று 300 கெல்வின். கம்ப்ரசர் அதை 4 மடங்கு அழுத்துகிறது. டர்பைனுக்குள் நுழையும் வாயு 1,200 கெல்வின். பாடப்புத்தகச் சூத்திரப்படி எஃபிஷியன்ஸி கிட்டத்தட்ட 33 சதவீதம் வந்தது. குதித்தேன். சார் பேனாவை எடுத்து, "உன் கம்ப்ரசரும் டர்பைனும் தெய்வமா? அதுக்கும் எஃபிஷியன்ஸி போடு" என்றார். கம்ப்ரசருக்கு 78, டர்பைனுக்கு 82 என்று போட்டேன். டர்பைனில் வாயு இழக்கும் வெப்பநிலை 322 டிகிரி. அதில் 187 டிகிரிக்கு உரிய வேலையைக் கம்ப்ரசரே தின்றுவிடுகிறது! நூறு ரூபாய் சம்பாதித்தால் 58 ரூபாய் வீட்டு வாடகைக்கே போகிற மாதிரி. மிச்சத்தை வைத்துப் பார்த்தால் எஃபிஷியன்ஸி 19 சதவீதம்தான். அன்று ராத்திரி தலைப்பை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

காப்பாற்றியது ரீஜெனரேட்டர். வெளியேறும் வாயு இன்னும் 878 கெல்வினில், அதாவது 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருக்கிறது. அந்தச் சூட்டை வீணாக்காமல், கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்குக் கொடுத்தால் அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம். கிரைஸ்லர் காரிலும் இரண்டு ரீஜெனரேட்டர்கள் இருந்தன. 85 சதவீதத் திறனுள்ள ஒன்றைச் சேர்த்ததும் என் விடை 35 ஆயிற்று. அழுத்த இழப்பு, எரிப்பு இழப்பு, ஜெனரேட்டர் இழப்பு இவற்றுக்காகப் பத்தைக் கழித்து 25 என்று வைத்துக்கொண்டேன். நல்ல டீசல் எஞ்சினுக்கு இது தோல்விதான். ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த கோளாறு இன்னும் பெரியது. 1,400 கிலோ எடையுள்ள தாழ்வான காருக்குக் காற்றுத்தடையும் டயர் உராய்வும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டரில் வேண்டியது சுமார் 12 கிலோவாட். 200-ல் 71 கிலோவாட்! வேகம் இரண்டு மடங்கானால் பவர் ஆறு மடங்கு. அதாவது 500 கிலோவாட் சூப்பர் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அதில் ஒரு சிறு பங்கை மட்டும் பயன்படுத்திக் கழிக்கிறது. ராஜபாளையம் ரோட்டில் மினிபஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது அதற்கும் கீழே. டர்பைனோ குறைந்த லோடில்தான் எண்ணெயைக் குடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் பிடிக்கவும் தாமதிக்கும். ஜெனரேட்டரைச் சுற்ற வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஓடினால் முழு லோடு, பேட்டரி நிறைந்தால் நிறுத்தம். ஆகவே என் காரிலும் ஒரு 70 கிலோவாட் டர்பைன், ஜெனரேட்டர், பேட்டரி, மோட்டார்கள். இந்த டர்பைன் நொடிக்கு சுமார் அரை கிலோ காற்றை, 440 லிட்டரை, விழுங்கும். அதற்காகக் கதவுக்குப் பின்னால் காற்றுவாயைப் பெரிதாக வரைந்தேன். அழகுக்கு என்று நினைக்காதீர்கள்.

எரிபொருளுக்கு நான் எடுத்தது புங்கம். டர்பைனுக்குள் தீ நிற்காமல் எரிவதால் ஆக்டேன், சீட்டேன் கவலை இல்லை. 2018 ஆகஸ்ட் 27-ல் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளை 25 சதவீதம் கலந்து பறந்தது. தயாரித்தது டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம். அது ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்திகரித்தது, நம் லேபில் ஆகாது. நமக்கு ஆவது பயோடீசல்.

பச்சைப் புங்க எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு குழகுழப்பு, நாசிலில் தூவாது. மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்த்து 60 டிகிரியில் கலக்கினால் கிளிசரின் அடியில் இறங்கி, மெலிந்த எஸ்டர் மேலே நிற்கும். அப்பத்தா பொறுக்கிக் கொடுத்த விதையை ஆட்டி எண்ணெய் எடுத்து அரை லிட்டர் போட்டேன். வந்தது பயோடீசல் அல்ல, சோப்பு! பழைய விதையின் எண்ணெயில் அமிலம் அதிகம். காஸ்டிக் அதோடு சேர்ந்துவிட்டது. முதலில் அமிலத்தைச் சோதித்து, அதிகமென்றால் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டிய பிறகுதான் காஸ்டிக் சேர்க்க வேண்டும். செய்ய விரும்புகிறவர்கள் சாரின் முன்னிலையில் செய்யுங்கள். மெத்தனால் விஷம்; ஆவியும் ஆகாது, எளிதில் தீப்பிடிக்கும். அந்தச் சோப்பில் அப்பத்தா ஆட்டோ சீட்டைக் கழுவினாள் என்பது வேறு விஷயம்.

இப்போது அப்பாவின் கேள்வி. 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டர் ஓட 12.3 யூனிட் வேண்டும். மோட்டார், கன்ட்ரோலர் இழப்போடு 14.5. டர்பைன் 25 சதவீதம் என்றால் எரிபொருளில் 58 யூனிட், அதாவது 209 மெகாஜூல். புங்க பயோடீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 32.6 மெகாஜூல். ஆக 6.4 லிட்டர். லிட்டருக்குப் பதினைந்தரை கிலோமீட்டர்.

ஜாகுவாரும் கடைசியில் டர்பைனைக் கைவிட்டு 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியது. 2012 டிசம்பரில் அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. இதையும் ரிப்போர்ட்டில் மறைக்காமல் எழுதினேன். வைவாவில் வந்தவர், "தோத்துப்போனதை ஏன் எடுத்தே?" என்று கேட்டார். "எங்கே தோத்ததுன்னு நம்பர்ல சொல்ல முடியுது சார்" என்றேன். மேற்கொண்டு கேட்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அப்பாவிடம் பதினைந்தரை என்றேன். "நம்ம ஆட்டோவே அதவிட ஜாஸ்தி குடுக்குமேடா!" என்று சிரித்தார். பிறகு இரண்டாவது தடவை சரியாக வந்த பயோடீசல் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்த்து, "வண்டியில கொஞ்சம் ஊத்திப் பாப்பமா?" என்றார்.

"இன்னும் தண்ணியில கழுவணும்பா. ரெண்டு நாள் பொறு."