மல்லாரியும் அதன் பயிற்சியும்

கோயில் திருவிழாவிற் சுவாமி புறப்படுங்கால் நாகசுரத்தில் முதற்கண் எழும் இசை யாது என்று நம் மாணவருள் ஒருவரை வினவின், ஏதோ ஒரு கீர்த்தனம் என்றே விடை வரும். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அரூருக்கு அணித்தாகிய தீர்த்தமலையில் மாசித் திருவிழாக் காணச் சென்ற ஒருநாள், மேளக்காரருள் முதியவர் ஒருவரை அணுகி, “ஐயா, இப்போது வாசித்தது யார்மீது பாடிய பாட்டு?” என்றேன். அவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, இதற்குப் பாட்டே கிடையாது. இது மல்லாரி” என்றார். அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மல்லாரி என்பது சாகித்தியம் இல்லாத இசையுருப்படி. கம்பீர நாட்டை இராகத்தில் அமைவது. அவ்விராகம் முப்பத்தாறாவது மேளமாகிய சலநாட்டையிற் பிறந்தது. ரிஷபமும் தைவதமும் நீங்க, ச, க, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்களே அதற்கு உரியவை. சுரங்களினிடையே வெளி அகன்றிருப்பதால் இசை தாவித் தாவிச் செல்லும். அத்தாவலே அதற்கு மிடுக்கைத் தருகின்றது. முதலில் தவில் முழங்கும். பின்னர் நாகசுரம் இராகத்தின் சாயலைச் சிறிது காட்டிவிட்டு மல்லாரியைத் தொடங்கும். மூர்த்தி உள்ளிருந்து எழுந்தருளிக் கோபுர வாயிலை அடையும்வரை அதுவே நடைபெறும். வாயிலைக் கடந்த பின்னரே விரிவான இராக ஆலாபனைக்கு இடமுண்டு. ஆகவே மல்லாரி நடைக்கென்று பிறந்த இசை. சீர்பாதம் தாங்குவோர் எடுத்துவைக்கும் அடியே அதன் அளவுகோல்.

இதில் எத்தெய்வத்தின் பெயரும் இல்லாமையால், சிவாலயத்திலும் திருமால் கோயிலிலும் முருகன் கோயிலிலும் இஃது ஒக்கப் பயன்படுகின்றது. ஆயினும் சமயத்துக்கேற்ற வகைகள் உண்டு. எளிய புறப்பாட்டுக்குச் சின்ன மல்லாரி, சிறப்பு வாகனங்களுக்குப் பெரிய மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி, மடைப்பள்ளியினின்று நிவேதனம் வருங்கால் தளிகை மல்லாரி, அபிடேகத்துக்கு நீர் கொணருங்கால் தீர்த்த மல்லாரி எனப்படும். இராம தீர்த்தம், குமார தீர்த்தம், அகத்திய தீர்த்தம் என நீராலேயே பெயர்பெற்ற மலையின் அடியிலிருந்துகொண்டு, தீர்த்த மல்லாரி என ஒன்று உண்டென்பதை யான் அதுகாறும் அறியாதிருந்தது நாணத்தக்கதே.

இதன் வரலாறு பெரும்பாலும் செவிவழி வந்தது. திருவாரூர்க் கோயிலில் நாகசுரம் வாசிக்கும் முறையை வகுத்தவர் இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) என்பது காவிரி நாட்டு வித்துவான்களிடையே வழங்கும் மரபு. அம்ச த்வனி இராகத்தை ஆக்கியவரும் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையாரும் அவரே. கருவியும் காலத்தோடு மாறிற்று. முன்னாளில் வழங்கிய குறுகிய திமிரி உரத்த சுருதி உடையது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை நிலைநாட்டினார். இக்கருவிக்குப் பேர்போன நரசிங்கம்பேட்டைக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திர நாட்டுக் கரவதியிற் பிறந்த இசுலாமியராகிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999) திருவரங்கத்தில் குடியமர்ந்து இக்கலையின் முதல்வருள் ஒருவராயினார். பிறப்பும் சமயமும் இதற்குத் தடையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இதுவே கடினமான பகுதி. மாணாக்கன் கருவியைத் தொடுமுன் வாயாற் பாடிப் பழகல் வேண்டும். சொல் இல்லாத இசையாதலின், ஆசிரியர் அதனைத் தத்தகாரமாகவே சொல்லிக்கொடுப்பார். மாணாக்கன் கையில் தாளமிட்டுக்கொண்டு திருப்பிச் சொல்வான். பின்னர்ச் சீவாளியில் நாவினால் தட்டி ஒலியைத் துண்டாக்கும் துத்துக்காரப் பயிற்சி. நாகசுரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றைத் திறந்து மூடுவதால் மட்டும் சுரம் பிறவாது. மூச்சின் அழுத்தமும் உதட்டின் இறுக்கமும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கும். மெல்லிய ஓசை வேண்டின் மூச்சைக் குறைத்தால் சுருதி விழுந்துவிடும். இவ்வொன்றைக் கடக்கவே பல மாதங்கள் செல்லும்.

அதன்மேல் வருவது காலக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அஃதாவது 32 அட்சரம், கொண்டதொரு மல்லாரி இருப்பதாகக் கொள்வோம். முதற்காலத்தில் ஒருமுறை வாசித்தால் 32 அட்சரமும் நிரம்பும். தாளத்தை மாற்றாமல் வாசிப்பை இரட்டித்தால் அதே அளவுக்குள் இருமுறை அடங்கும். மூன்றாங்காலத்தில் நான்குமுறை அடங்கும். இவை எளிது. இடையே திசிரம் என ஒன்று உண்டு: அதே 32 அட்சரத்துக்குள் மும்முறை வாசித்தல் வேண்டும். அப்போது ஒரு முறைக்குப் பத்தே மூன்றில் இரண்டு அட்சரம் வரும். கை எட்டெட்டாக எண்ண, மூச்சு மூன்று மூன்றாகப் பகுக்க, இரண்டும் முடிவில் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். கணித வகுப்பிற் பின்னம் கண்டு அஞ்சும் நம்மனோர், எழுதுகோலும் இன்றி வீதியில் நின்று இக்கணக்கைச் செய்யும் கலைஞரைக் கண்டால் தலைவணங்குவர்.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டு இசையொன்று நினைவுக்கு வருகின்றது. அதுவும் சொல்லில்லாதது, அதுவும் கற்போனின் திறத்துக்கு உரைகல். ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்பவர் 1949ஆம் ஆண்டு டிசம்பரில் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியில் வாசித்துப் பதிந்த ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ என்பதே அது. வலக்கையின் மூன்று விரல்களிற் கவசம் பூண்டு மின்னல்போல் வாசித்தார். நம் தவில்காரர் வலக்கை விரல்களிற் கூடு அணிவதை இங்கு எண்ணிக்கொள்ளலாம். அவ்வேகத்தைச் செவி பற்றமாட்டாத இளைஞர், நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் இசைத்தட்டை 16 சுற்றுக்குத் தாழ்த்தி, பாதி வேகத்தில் ஒவ்வோர் ஒலியாகக் கேட்டுக் கற்றனர். அவர்கள் இயந்திரத்தைக்கொண்டு செய்ததை மல்லாரி தன்னுள்ளேயே வைத்திருக்கின்றது. அதன் முதற்காலமே கற்போனுக்குரிய பாதி வேகம்.

ஆனால் இப்போது முதலில் மறைவது அம்முதற்காலமே என்று அஞ்சுகின்றேன். தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுவது உண்மை. நாட்டிய மேடையில் மல்லாரி தொடக்க உருப்படியாக இடம்பெற்றதும் மகிழ்ச்சியே. மேடையிலோ நேரம் சில நிமிடங்கள். விரைந்த காலங்களுக்கே கைதட்டல். கோயில்களிலும் புறப்பாடு சுருங்குகின்றது. மின்விசையால் தானே அடித்துக்கொள்ளும் மணியும் முரசும் பல இடங்களில் வந்துவிட்டன. அவ்வியந்திரம் பின்னங்களை அறியாது. தாங்குவோர் மெல்ல நடந்தாலன்றி முதற்காலத்துக்கு இடமில்லை. முதற்காலத்தை முழுதும் வாசிக்கக் கேளாத இளைஞன் திசிரத்தை எதனோடு ஒட்டி அளப்பான்?

அன்று அம்முதியவர் என்னைத் தம்மருகில் அமர்த்தி, தாளமிடச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் ஒரு சிறு மல்லாரியைப் பாடினார். இரண்டு காலம் வரையில் என் கை பிழைக்கவில்லை. திசிரம் வந்தவுடன் வழுவினேன். அவர் நகைத்து, “தம்பி, அவசரம் வேண்டாம். முதற்காலத்திலிருந்து மறுபடியும் போடு” என்றார். அதற்குள் தேர்வடத்தண்டை அழைப்பு வந்துவிட்டது. அவர் நாகசுரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.