நான்கு பக்கமும் சரி. மூலை?

பெங்களூரில் அல்சூருக்குப் பக்கத்தில் மர்பி டவுன் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய மனை. வீட்டுக்கார அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வீடு கட்டத் தொடங்கினார்.

மேஸ்திரி நான்கு முளைகள் அடித்தார். நூல் கட்டினார்.

"நீளம் 12 அடி. அகலம் 9 அடி. நான்கு பக்கமும் சரி. பள்ளம் தோண்டலாம்" என்றார்.

சித்தாள் மாலை வகுப்பில் படிப்பவள். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்கலாமா?"

"முப்பது வருஷமா நூல் பிடிக்கிறேன். என் கண் தப்பாதும்மா."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. பள்ளம் தோண்டிட்டா மாத்த முடியாதே."

மேஸ்திரி டேப்பைப் பிடித்தார். ஒரு குறுக்களவு 15 அடி 6 அங்குலம். மற்றது 14 அடி 6 அங்குலம்.

"பக்கம் எல்லாம் சரியாத்தானே இருக்கு. அப்புறம் எப்படி?" என்றார் மேஸ்திரி.

அவள் நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டினாள். பக்கவாட்டில் தள்ளினாள். சதுரம் சாய்ந்தது. குச்சிகளின் நீளம் மாறவில்லை. மூலைகள் மட்டும் மாறின. பிறகு மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டினாள். அது சாயவில்லை.

மூலையே கோணம்

இரண்டு கோடுகள் சேரும் மூலையில் கோணம் உண்டாகிறது. அதை டிகிரியில் அளக்கிறோம்.

புத்தகத்தின் மூலை 90 டிகிரி. இது செங்கோணம்.
90 டிகிரிக்குக் குறைந்தால் குறுங்கோணம்.
90 டிகிரிக்கு மேல், 180 டிகிரிக்குள் இருந்தால் விரிகோணம்.

கூட்டிப் பாருங்கள்

காகிதத்தில் ஒரு முக்கோணம் வெட்டுங்கள். மூன்று மூலைகளையும் கிழித்து எடுங்கள். முனைகள் ஒரே இடத்தில் சேரும்படி பக்கம் பக்கமாக வையுங்கள். ஒரு நேர்கோடு கிடைக்கும். எந்த முக்கோணத்திலும் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரி.

நாற்கரத்தைக் குறுக்கே வெட்டினால் 2 முக்கோணங்கள். ஆகவே 360 டிகிரி.
ஐங்கோணத்தில் 3 முக்கோணங்கள். 540 டிகிரி.
அறுகோணத்தில் 4 முக்கோணங்கள். 720 டிகிரி. தேன்கூட்டின் அறையில் ஆறு மூலைகள். ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி.

மேஸ்திரி கட்டிய நூலில் இரண்டு மூலைகள் சுமார் 94 டிகிரி. மற்ற இரண்டும் சுமார் 86 டிகிரி. கூட்டினால் 360. ஒரு மூலை விரிந்தால் இன்னொரு மூலை குறுகும். அப்படியே கட்டியிருந்தால் அறை கோணலாகியிருக்கும். ஓரத்துக் கல் ஒவ்வொன்றையும் சாய்வாக வெட்ட வேண்டியிருக்கும். கல்லும் வீண், கூலியும் வீண்.

3, 4, 5

ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் அந்த மூலை செங்கோணம். இதையே மூன்று மடங்காக்கினால் 9, 12, 15.

மேஸ்திரி முளைகளை நகர்த்தினார். இரண்டு குறுக்களவும் 15 அடி ஆயின. பிறகுதான் கடப்பாரையை எடுத்தார்கள்.

மறுநாள் அடுத்த அறைக்கு நூல் கட்டினார்கள். மேஸ்திரி டேப்பை அவளிடம் நீட்டினார்.

"நீயே அளந்து சொல்லும்மா" என்றார்.

பயிற்சி

1. ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் 60, 50 டிகிரி. மூன்றாவது எவ்வளவு?
2. ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியுமா? ஏன்?
3. உங்கள் வீட்டு அறையின் இரண்டு குறுக்களவுகளையும் அளந்து எழுதுங்கள்.