கொள்ளுங் கோலும் கொடுக்குங் கோலும்

உழவும் கைத்தொழிலும் பொருளை ஆக்குவன. வாணிகம் அப்பொருளை வேண்டுவார் கைக்குச் சேர்ப்பது. பண்டத்தின் தன்மையை நன்கறிந்தவன் விற்பவன். அவன் சொல்லை நம்பிப் பெறுபவன் கொள்பவன். ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியான். அவ்வறியாமையைத் தனக்கு ஊதியமாக்கிக் கொள்ளாமையே வாணிக அறத்தின் முதற்படி. அவ்வறம் ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை என்னும்படி அமையாது, என்றும் ஒருபடித்தாய் நிற்பது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருவள்ளுவர் உழவுக்குத் தனி அதிகாரம் வகுத்தார், வாணிகத்துக்கு வகுத்திலர். வணிகர்க்குரிய விதியை, நடுவுநிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். பிறர் பொருளையும் தம்முடையது போலவே பேணுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நடுவுநிலைமையை வணிகனுக்கும் விதித்தது ஏன்? தராசைக் கையிற் பிடித்தவனும் ஒரு நீதிபதியே. ஆனால், மன்றத்து நீதிபதி தன் வழக்கைத் தானே விசாரிப்பதில்லை. வணிகனோ நாள்தோறும் தன் வழக்கிலேயே தீர்ப்புச் சொல்கின்றான். ஆதலின் அவனுக்கு நடுவுநிலைமை பின்னும் மிகுதியாக வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் இயல்பைக் கூறுமிடத்து இவ்வறத்தை இருபுறமும் வைத்து அளந்து காட்டுகின்றது. அவர்கள் வாங்கும்போது உரிய அளவின்மேல் எடார். விற்கும்போது அவ்வளவிற் குறைத்து அளவார். பண்டத்தின் ஊதியத்தையும் வெளிப்படச் சொல்லி விற்பர் என்று உரையாளர் பொருள் கொள்வர். எனவே கூறுகள் மூன்று: விற்கையிற் குறையாமை, வாங்குகையில் மிகையாமை, எதனையும் மறையாமை. முதலாவதனை வணிகர் பலரும் காப்பர். குறைத்து நிறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவர் அன்றோ? மற்றை இரண்டுமே மனிதனைச் சோதிப்பன.

நம் வடபகுதிச் சந்தைகளில், கமக்காரர் கொண்டுவரும் மரக்கறியின் நிறையில் ஒரு பங்கைக் 'கழிவு' என்று ஒதுக்கி, எஞ்சியதற்கே விலை கொடுக்கும் வழக்கம் பற்றி அவர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். மரக்கறி வாடும், அழுகும். அந்நட்டத்தை யார் பொறுப்பது என்பது வணிகரின் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின், நட்டத்துக்கு ஈடு தேடவேண்டிய இடம் விலையேயன்றி நிறை அன்று. விலை இருவரும் பேசி இசைவது, கூடலாம், குறையலாம். நிறையோ உள்ளதை உள்ளபடி சொல்வது; அங்கே பேரத்துக்கு இடமில்லை. 100 கிலோவை 90 என்று எழுதும் அக்கணமே தராசு பொய் சொல்லத் தொடங்குகின்றது. அதே வணிகன் மாலையில் ஒரு கிராமும் குறையாமல் நிறுத்துக் கொடுத்தாலும், அவனுக்குக் கொள்ளுங் கோல் வேறு, கொடுக்குங் கோல் வேறு ஆகிவிட்டன.

இனி, ஒரு பெரு நிறுவனத்தின் கதையை நோக்குவோம். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனத்து டீசல் வாகனங்களில், புகைப் பரிசோதனை நடைபெறுவதை உணர்ந்துகொள்ளும் கணினி நிரல் அமைக்கப்பட்டிருந்தமை 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. பரிசோதனைக் கூடத்திற் சட்டத்துக்கு அடங்கிய வாகனம், தெருவில் ஓடும்போது அனுமதித்த அளவின் 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்நிரல் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதிகாரி முத்திரையிட வரும் நாளில் மட்டும் நேர்நிற்கும் தராசுக்கும் இதற்கும் வேறுபாடு அளவிலேயன்றித் தன்மையில் இல்லை. பார்ப்பவர் உள்ளபோது மட்டும் நிற்பது ஒழுக்கம் அன்று, அச்சம்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளும் எரிவாயுவும் பால்மாவும் அரிதாயின. பழைய விலைக்கு வாங்கியதைப் புதிய விலைக்கு விற்கலாமா என்ற வினா சிறு கடைக்காரர் முன்னும் எழுந்தது. கட்டுப்பாட்டு விலையோ பொதியிற் பொறித்த விலையோ இல்லாத பண்டமாயின், மறுகொள்முதலுக்குப் பணம் போதாமை பற்றி விலையைச் சிறிது உயர்த்துதலைப் பிழையென்று கூறுதல் அரிது. பண்டத்தை உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லுதலோ ஐயமின்றிப் பிழை. முன்னதன் காரணத்தைக் கொள்வோன் முகம்பார்த்து உரைக்கலாம். பின்னதனை உரைக்க இயலாது. மறைத்தே ஈட்டவேண்டிய ஊதியம் எதுவோ, அது விலக்கத்தக்கது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இவ்வாறு மறுத்தலையும் பதுக்கலையும் குற்றமென்கின்றது. ஆயினும் சட்டம் எல்லாக் களஞ்சியத்துள்ளும் நாள்தோறும் புகுந்து பார்ப்பதில்லை. உரிமையாளனின் மனச்சான்றே அங்கு என்றும் காவல்.

நேர்மை இலாபம் தரும் என்று இளைஞர்க்குப் போதிப்பார் உளர். பெரும்பாலும் அது மெய்யே. ஆயின் அதனையே காரணமாகக் காட்டின், இலாபம் தராத நாளில் நேர்மைக்குக் காரணம் இல்லாமற் போகும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்று 134ஆம் பாட்டில், ஆய் அண்டிரன் மறுமைப் பயனை விலையாக எண்ணி அறம் செய்பவன் அல்லன் என்றும், சான்றோர் சென்ற வழி என்பதனாலேயே கொடுத்தான் என்றும் போற்றினார். வணிகன் பல பண்டங்களை விற்கலாம். அறத்தை விற்பனைப் பண்டமாக்கலாகாது.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கடைகளையும் நிறுவனங்களையும் நடத்துகின்றனர். அவர்களிடம் இளைஞர் பலர் தொழில் பழகுகின்றனர். அவ்விளைஞர் முதலாளியின் அறவுரையைக் கேட்டுப் பழகுவதிலும், தராசருகே அவர் விரல் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பழகுவதே அதிகம். கமக்காரனிடம் வாங்கும்போதும் அயலவனுக்கு விற்கும்போதும் அவ்விளைஞர் காண்பது ஒரே கோலாக இருக்கட்டும். அதுவே கல்லூரி தந்த கல்விக்கு நாம் செலுத்தும் கடன்.