குறுகிய வழியில் பழைய நீரும் புது நீரும்

சாயமிட்ட சிட்டத்தை அலசும் நெசவாளரும், உவர் நிலத்தில் நீர் கட்டி உப்பைக் கழுவும் விவசாயியும் செய்வது உண்மையில் ஒரே வேலைதான். நூலிழைகளின் நடுவிலும் மண் துகள்களின் நடுவிலும் உள்ள நுண்ணிய வழிகளில் தங்கிய பழைய திரவத்தைப் புது நீரால் வெளியேற்றுவதே அவ்வேலை. நீரை நிறைய விட்டால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு சரியென்று ஆராய்வோம்.

உப்பு நீர் நிறைந்த மெல்லிய குழாய் ஒன்றில் நல்ல நீரைச் செலுத்துவதாகக் கொள்வோம். புது நீர், பீச்சாங்குழலின் தண்டைப் போலப் பழைய நீரை முழுவதும் தள்ளிக்கொண்டு போவதில்லை. சுவரை ஒட்டிய நீர் அசையாது நிற்கும். நடுவிலுள்ள நீர் சராசரி வேகத்தைப்போல் இரு மடங்கு விரையும். ஆகையால் குழாயின் கொள்ளளவில் பாதி நீர் சென்றதுமே புது நீரின் நுனி மறுமுனையை எட்டிவிடும். கொள்ளளவு முழுவதும் சென்ற பின்னரும் பழைய நீரில் கால் பங்கு உள்ளேயே இருக்கும். இரு மடங்கு செலுத்தினால் அரைக்கால் பங்கு மிஞ்சும். நான்கு மடங்கு செலுத்தினாலும் வீசம் பங்கு மிஞ்சும்.

ஓரத்து உப்பு நடுவுக்குப் பரவ அவகாசம் இல்லாதபோதுதான் இக்கணக்கு. அவகாசம் கிடைத்தால் நிலைமை மாறும். இங்கிலாந்து விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர், மெல்லிய குழாயில் ஓடும் நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நிறம் பரவுவதை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஓரத்திற்கும் நடுவிற்கும் இடையே நிறம் பரவப் போதிய நேரம் இருக்குமாயின், நிறப்பகுதி முழுவதும் நீரின் சராசரி வேகத்திலேயே நகரும் என்று அவர் காட்டினார். ஓரத்தில் தேங்கியதை விடுவிப்பது அவகாசமே. வழியின் அகலம் இரு மடங்கானால் அவகாசம் நான்கு மடங்கு வேண்டும்.

மண்ணிலும் இவ்வாறே. பெரிய துளைகளின் வழியே நீர் விரைந்து இறங்கிவிடும். கட்டிகளுக்குள் இருக்கும் உப்பு பின்தங்கும். இடைவிடாது நீர் தேக்குவதைவிட, விட்டுவிட்டுத் தேக்கினால் குறைந்த நீரிலேயே உப்பு இறங்குகிறது என்பதைக் கலிபோர்னியாவில் நடந்த வயல் சோதனை ஒன்று 1965-இல் எடுத்துக்காட்டியது. ஆனால் வடிகால் இருத்தல் வேண்டும். இடைவேளையில் நிலம் காய்ந்து வெடிக்கும்படி விட்டால் உப்பு மீண்டும் மேலேறும். களர் நிலமாயின் ஜிப்சமும் இடுதல் வேண்டும்.

இனி நூலைப் பார்ப்போம். பிழிந்த பின்னும் சிட்டங்களில் 1 லிட்டர் சாயநீர் தங்குவதாகவும், நம்மிடம் 10 லிட்டர் நல்ல நீர் இருப்பதாகவும் கொள்வோம். அந்நீர் முழுவதிலும் ஒரே முறை அலசிப் பிழிந்தால் பழைய சாயநீரில் 11-இல் ஒரு பங்கு நூலில் மிஞ்சும். 5 லிட்டர் வீதம் இரு முறை அலசினால் 36-இல் ஒரு பங்கு. 2 லிட்டர் வீதம் ஐந்து முறை அலசினாலோ 243-இல் ஒரு பங்கே மிஞ்சும். நீரின் அளவு ஒன்றே. பலன் எவ்வளவு வேறு! ஒவ்வொரு முறையும் நூல் நன்கு ஊறிய பின்னரே பிழிய வேண்டும். தோய்த்தவுடன் எடுத்தால் இக்கணக்குப் பலிக்காது. இழையிலேயே பற்றிக்கொண்ட மிகைச் சாயத்திற்குக் கொதிநீரும் சோப்பும் தேவை என்பதையும் மறத்தலாகாது.

கோடையில் கிணறு வற்றும்போது பத்துக் குடம் நீரும் பெரிதே. வாங்கியவர் வீட்டில் சேலையின் சாயம் இறங்கினால் பழி நெய்தவரோடு நில்லாது, சங்கத்தின் முத்திரையையும் சேரும். ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த முறை ஒரே நிறத்துச் சிட்டங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை ஒரே தடவையிலும் மற்றொன்றை அதே அளவு நீரைப் பகுத்து ஐந்து தடவையிலும் அலசிப் பார்ப்பார்களாக. இரண்டையும் ஈரத்துடனேயே வெள்ளைத் துணியில் அழுத்தினால், துணியில் படியும் கறையே விடை கூறும்.